சுடாத அடுக்கு வில்லை: தினைமாவு, பால், அன்னாசி

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டு வீடுகளில் கேக் சுடும் அடுப்பு அபூர்வம். குளிர்ப்பெட்டி இருக்கும் வீட்டிலும் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அன்னாசிக்குக் குறைவில்லை. பருவத்தில் மலை முழுக்க அது மலிந்து கிடக்கும். பலாவும் வாழையும் காபியும் மிளகும் அப்படித்தான். தினை, சாமை, கேழ்வரகு இன்னும் வீட்டுப் பானைகளில் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் அடுக்கு வில்லையை இந்தப் பொருள்களை நம்பித்தான் அமைத்திருக்கிறேன். அடியில் வறுத்த தினைமாவு, நடுவில் பால், மேலே அன்னாசிச் சாறு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து, கத்தி வைத்தால் ஒரே துண்டாக வெட்டுப்பட வேண்டும். சுடுவது கிடையாது. குளிரூட்டுவதும் கட்டாயமில்லை.

வெளிநாட்டுச் சமையல் நூல்களில் இதே வகைப் பலகாரம் உண்டு. பிஸ்கட் தூளும் வெண்ணெயும் அடித்தளம், அதன்மேல் கெட்டிப்பால், அதன்மேல் கண்ணாடிபோல் சிவப்பு ஜெல்லி. ஆஸ்திரேலிய வீடுகளில் விருந்துக்கு இது வழக்கமான பண்டம். அங்கே அதை உறைய வைப்பது ஜெலட்டின். அந்தச் செய்முறையை எழுத்துப் பிசகாமல் இங்கே செய்தால் இரண்டு இடங்களில் தவறிப்போகும். அதனால் முதலில் உறைபொருளைப் பற்றிப் பேசிவிடுவோம். இது சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். குளிர்ப்பெட்டியில் வைத்தால்தான் நன்றாக இறுகும்; நம் உடற்சூட்டுக்குப் பக்கத்திலேயே உருகிவிடும். கடையில் விற்கும் ஜெல்லிப் பொடிகளில் பல இதனால் ஆனவை. சில சைவமானவையும் உண்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொரு சிக்கல் நம் அன்னாசியால் வருவது. பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டிப்போடும். அன்னாசி அதிகம் தின்றால் நாக்கு எரிவதற்கும் அந்த நொதிக்குப் பங்கு உண்டு. ஜெலட்டினும் புரதம்தான் என்பதால், பச்சைச் சாற்றில் அதைக் கரைத்து இரவு முழுக்கக் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் காலையில் தண்ணீராகவே நிற்கும். பப்பாளிக்கும் இதே குணம்.

கடல்பாசிக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. நாம் சைனா கிராஸ் என்றும் அகர் அகர் என்றும் கேட்டு வாங்கும் வெள்ளை இழை இதுதான். செம்பாசி வகைகளிலிருந்து எடுப்பது. மாவுச்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. புரதம் இல்லாததால் புரோமெலைனுக்கு இதில் வேலை கிடையாது. கொதிக்க வைத்துக் கரைத்த கரைசல் 35 முதல் 40 டிகிரிக்குள் இறங்கியதும் உறைந்துவிடும். உறைந்தது திரும்ப உருக வேண்டுமானால் 85 டிகிரிக்குப் பக்கத்தில் சூடேற வேண்டும். உறைகிற சூட்டுக்கும் உருகுகிற சூட்டுக்கும் நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் சித்திரை வெயிலிலும் கடல்பாசி தட்டில் நிமிர்ந்து நிற்கிறது. சூடான அடுத்த அடுக்கை ஊற்றினாலும் கீழே உள்ளது கரைந்து போகாததற்கும் இதுவே காரணம்.

ஒரு சமையலறைச் செய்தி அறிவியலுக்கே உதவிய கதை இங்கே பொருந்தும். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸே, கிருமிகளை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தித் திண்டாடினார். கோடையில் அது உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்றே கரைத்துவிடும். அவர் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தம் வீட்டுப் பழ ஜெல்லி வெயிலிலும் உருகாமல் நிற்பதற்குக் காரணமான அகரைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து வந்த ஒரு குடும்பத்திடமிருந்து அந்தப் பக்குவம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1882-இல் காக் எழுதிய காசநோய்க் கட்டுரையில் அகர் இடம்பெற்றது. உலகத்தின் கிருமி ஆய்வகங்கள் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. வெப்ப நாட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்த ஒரு கைப்பக்குவத்தின் பெருமை அது. ஃபானியின் பெயரை இன்னும் பலர் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நமக்கு அது தூரத்துப் பொருளும் அல்ல. ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மூழ்கி எடுத்து வரும் பாசிகளில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் எடுக்க உதவுபவை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது கடல்பாசி தட்டில் இருக்கும். பாலில் ஒன்று, ரோஸ் நிறத்தில் ஒன்று என்று இரண்டு நிறம் அடுக்கி ஊற்றுவதும் அங்கே பழகிய வேலை. அடுக்கு ஒட்டும் நுணுக்கத்தைக் கற்க வேண்டுமானால் வெளிநாட்டு நூலைவிட அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்பது நல்லது.

தேவையானவை

20 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தட்டு ஒன்று, ஆழம் குறைந்தது 5 செ.மீ. எவர்சில்வரோ அலுமினியமோ போதும். சதுரம் இல்லையென்றால் அதே அளவு அகலமுள்ள வட்டத் தட்டில் செய்யலாம். அடுக்குகள் சற்றுத் தடிமனாகும், ஓரத் துண்டுகள் வீட்டுக் குழந்தைகளுக்குப் போகும்.

அடித்தளத்துக்குத் தினை 200 கிராம், வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 50 கிராம், வெல்லம் 120 கிராம், நெய் 50 கிராம், மலைத்தேன் ஒரு மேசைக்கரண்டி. பால் அடுக்குக்குப் பால் அரை லிட்டர், சர்க்கரை 70 கிராம், ஏலக்காய் இரண்டு, கடல்பாசி இழை 6 கிராம். பழ அடுக்குக்கு நடுத்தர அன்னாசி ஒன்று, சர்க்கரை 80 கிராம், கடல்பாசி 6 கிராம், கடைசியில் பிழிய எலுமிச்சை அரைமூடி. மளிகைக் கடையில் கடல்பாசி பெரும்பாலும் 10 கிராம் பொட்டலமாக வரும். தராசு இல்லாதவர்கள் ஒரு பொட்டலத்தில் பாதிக்குச் சற்று அதிகம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூளாகக் கிடைத்தால் முக்கால் பங்கு போதும். கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறும் என்பதால் பின்னால் சொல்லும் தட்டுச் சோதனையை விடாதீர்கள்.

தட்டின் அடியில் பட்டர் பேப்பர் விரிக்கலாம். வாழையிலை நம் கையில் இருக்கும்போது பேப்பரை வாங்குவானேன்? இலையை அனலில் வாட்டி, தட்டின் அகலத்துக்கு நறுக்கி, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு விரியுங்கள். கடைசியில் அந்த நீட்டலைப் பிடித்துத் தூக்கினால் வில்லை மொத்தமும் வெளியே வரும். வாட்டாத இலை மடிப்பில் கிழியும்.

அடித்தளம்

தினையைக் கல் நீக்கிக் கழுவி, நிழலில் காயவிட்டு, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து அரைக்க வேண்டும். சிறுதீ அவசியம். பச்சைத் தினைமாவில் லேசான கசப்பு நிற்கும். வறுப்பதுதான் அதை மாற்றும். மாவு சலித்த பின் அடியில் தங்கும் குருணையையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். கடிக்கும்போது பல்லுக்குத் தெரியும். நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்துக் கலந்து வையுங்கள்.

வெல்லத்தில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரைத்து வடிகட்டி, ஒற்றைக் கம்பிப் பதத்துக்குக் காய்ச்சுங்கள். உருண்டைக்குப் பிடிக்கும் முற்றிய பாகு இதற்கு வேண்டாம். அது இறுகியபின் கத்தி இறங்காது. மேலே உள்ள மென்மையான அடுக்குகள் நசுங்கி, அடித்தளம் மட்டும் ஓடாக நிற்கும். பாகை இறக்கி நெய் சேர்த்து, மாவைக் கொட்டிக் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் தேன் விட்டுப் பிசறுங்கள். தேனைக் கொதியில் விட்டால் மணம் போய்விடும். மலைத்தேனுக்காகக் காசு கொடுத்துவிட்டு மணத்தைப் போக்கிக்கொள்வது வீண்.

தட்டில் பரப்பி, அடி தட்டையான டம்ளரால் நன்றாக அழுத்துங்கள். மூலைகளை மறக்க வேண்டாம். பிறகு முள்கரண்டியால் மேற்பரப்பை லேசாகக் கீறிவிடுங்கள். நெய்யும் பாகும் மழமழவென்று நின்றால் பால் அடுக்கு அதன்மேல் பிடிக்காது; கீறலில்தான் அதற்குப் பிடி கிடைக்கும்.

மேரி பிஸ்கட்டில் செய்ய விரும்புவோர் 200 கிராம் பிஸ்கட்டைப் பொடித்து 90 கிராம் உருக்கிய வெண்ணெயில் பிசறிக்கொள்ளலாம். மலைக் குளிரில் அது நிற்கும். நாமக்கல் வெயிலுக்குக் கொண்டுபோனால் வெண்ணெய் இளகி அடி உதிரும். தினையும் பாகும் சேர்ந்த அடித்தளத்துக்கு அந்தப் பயமில்லை, ருசியிலும் எனக்கு அதுதான் மேல்.

பால் அடுக்கு

கடல்பாசியைக் கத்தரியால் சிறு துண்டுகளாக வெட்டி, பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிட்டுப் பிழிந்துகொள்ளுங்கள். 150 மில்லி புதுத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பாலில் நேராகப் போடக் கூடாது. கரைவது தாமதமாகும், அடியும் பிடிக்கும். சர்க்கரையையும் முதலில் சேர்க்காதீர்கள். தண்ணீரைச் சர்க்கரை இழுத்துக்கொண்டால் பாசி முழுதாகக் கரையாது.

மலையில் சமைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொல்லிமலையின் மேல்நாடுகள் பலவும் ஏறத்தாழ இந்த உயரத்தில் இருப்பவை. பருப்பு வேகத் தாமதமாவதை இங்குள்ளவர்கள் அறிவார்கள், கடல்பாசியும் அப்படித்தான். கீழே ஐந்து நிமிடத்தில் கரைவதை இங்கே எட்டு முதல் பத்து நிமிடம் கொதியில் விடுங்கள். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் இழை ஒன்றுகூடத் தெரியக் கூடாது. தண்ணீர் மிகவும் சுண்டினால் கொஞ்சம் வெந்நீர் சேருங்கள்.

இன்னொரு அடுப்பில் பாலைக் காய்ச்சி 400 மில்லியாகக் குறுக்கி, சர்க்கரையும் தட்டிய ஏலக்காயும் சேர்த்துச் சூடாகவே வையுங்கள். இதில் வெல்லம் போட ஆசை வரும். புளிப்பேறிய வெல்லம் சூடான பாலைத் திரித்துவிடும். வெல்லத்தை அடித்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூடான பாலில் சூடான பாசிக் கரைசலை வடிகட்டி ஊற்றிக் கலக்க வேண்டும். ஆறிய பாலில் ஊற்றினால் பட்ட இடத்திலேயே நூல்நூலாக உறைந்து, பல்லில் ரப்பராகச் சிக்கும்.

இப்போது தட்டுச் சோதனை. ஒரு கரண்டி எடுத்துச் சிறு தட்டில் விட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். விரலால் தள்ளினால் சுருங்காமல் ஒரே ஏடாக நகர வேண்டும். குழைந்தால் இன்னும் ஒரு கிராம் பாசியைத் தனியே கரைத்துச் சேருங்கள். கல்லாக நின்றால் சூடான பால் கொஞ்சம். பாசி அதிகமான ஜெல்லி வாயில் உடையும், கரையாது; இதுதான் கடல்பாசியைப் பலர் வெறுக்கக் காரணம். குறைவாக இருந்து சற்றுத் தளர்வதே நல்லது.

முதலில் நான்கைந்து கரண்டி மட்டும் அடித்தளத்தின்மேல் பரவலாக விடுங்கள். அது கீறல்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும். பிறகு மீதியை, கரண்டியைக் கவிழ்த்து அதன் முதுகில் விழுமாறு ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் மாவு குழிந்து பாலில் மிதந்து வரும்.

அடுக்குகள் ஒட்டும் வேளை

இந்த வில்லையில் தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது இங்கேதான். வெட்டும்போது பால் அடுக்கு ஒரு பக்கம், பழ அடுக்கு ஒரு பக்கம் என்று வழுக்கிப் பிரியும். ருசியில் குறையிருக்காது; ஆனால் வில்லை என்று சொல்ல முடியாது.

காரணம் எளியது. கடல்பாசி முழுதாக உறைந்து ஆறியதும் மேற்பரப்பில் மெல்லிய நீர் கசியும். நேரம் ஆக ஆக அது கூடும். அந்த நீர்ப்படலத்தின்மேல் அடுத்ததை ஊற்றினால் இரண்டும் தனித்தனியே உறையும். உறையும் முன் ஊற்றினாலோ பாலும் சாறும் கலந்து கலங்கிவிடும், அன்னாசிப் புளிப்பில் பாலும் திரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய வேளை உண்டு. மேற்பரப்பு ஏடு கட்டியிருக்கும். தட்டை அசைத்தால் நடுப்பகுதி லேசாக அதிரும். விரல் நுனியால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டும், ஆனால் கிழியாது. புதிதாக மெழுகிய தரை கால் வைக்கலாம் என்ற நிலைக்கு வரும் அந்த நேரத்தைப் போன்றது. அப்போது ஊற்ற வேண்டும்.

கடிகாரத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. சமவெளியில் கோடையில் அரைமணி நேரம் காத்திருக்க நேரிடும். மார்கழிக் காலையில் இங்கே பத்து நிமிடத்தில் வேளை கடந்துவிடும். ஊற்றவேண்டிய சாறு பாத்திரத்திலேயே உறையத் தொடங்கும். அதனால் பால் அடுக்கை ஊற்றுவதற்கு முன்பே பழச்சாற்றைத் தயார் செய்துவிடுங்கள். சாற்றையும் கரைத்த பாசியையும் கலந்து, வெந்நீர் நிறைந்த அகலப் பாத்திரத்துக்குள் அந்தப் பாத்திரத்தை வைத்துவிட்டால் கை பொறுக்காத சூட்டில் காத்திருக்கும். முதல் அடுக்கு வேளைக்கு வந்ததும் எடுத்து ஊற்ற வேண்டியதுதான்.

வேளை தப்பிவிட்டால் வழி உண்டு. சுத்தமான துணியால் கசிந்த நீரை ஒற்றியெடுங்கள். முள்கரண்டியால் மேலே மெல்லிய கோடுகள் கீறுங்கள். சாற்றை வழக்கத்தைவிடச் சூடாக, ஆவி பறக்க ஊற்றுங்கள். கீழடுக்கு உருகாது. மேற்பரப்பில் கொஞ்சம் இளகிப் பிடித்துக்கொள்ளும். முதல்தரமான ஒட்டுதல் வராது, துண்டு பிரியாமல் தாங்கும்.

அன்னாசி அடுக்கு

பழத்தைத் தோல் சீவி, கண்கள் எடுத்து, நடுத்தண்டை நீக்கி அரைத்து வடிகட்டினால் 300 மில்லி சாறு வேண்டும். சர்க்கரை சேர்த்துப் பத்து நிமிடம் காய்ச்சுங்கள். கடல்பாசிக்குப் புரோமெலைனால் கெடுதல் இல்லை என்றேன். ஆனால் அந்த நொதி கீழே இருக்கும் பாலின் புரதத்தில் கைவைக்கும், நேரம் கழித்துக் கசப்பும் தட்டும். காய்ச்சினால் நொதி செயலிழந்துவிடும். நுரையை எடுத்துவிட்டால் அடுக்கு தெளிவாக இருக்கும்.

பாசியை இதிலும் தனியே 150 மில்லி தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். புளிப்போடு சேர்ந்து நெடுநேரம் கொதித்தால் அதன் இறுகும் வலிமை குன்றிவிடும். கரைந்த பாசியைச் சூடான சாற்றில் சேர்த்து, அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழியுங்கள். பழத்தின் புளிப்பு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும், ஆகவே தட்டுச் சோதனை இங்கே இன்னும் முக்கியம். நிறப்பொடி எதுவும் வேண்டாம். நல்ல பழத்தின் வெளிறிய மஞ்சளுக்கு ஒரு அழகு உண்டு. கேசரிப் பொடி போட்டு அதைக் கெடுப்பதை நான் ஒப்ப மாட்டேன். சிறு அன்னாசித் துண்டுகளை உள்ளே போட விரும்பினால் சர்க்கரையில் வேகவைத்து, ஈரம் ஒற்றிப் போடுங்கள்.

வெட்டுதல், வைத்தல், கொண்டுபோதல்

ஊற்றி ஒரு மணி நேரத்தில் எல்லாம் உறைந்திருக்கும். இரண்டு மணி நேரம் பொறுத்தால் வெட்டு இன்னும் சுத்தமாக விழும். இலையைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வையுங்கள். கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, மேலிருந்து நேராக அழுத்தி இறக்குங்கள். அறுப்பதுபோல் இழுத்தால் பழ அடுக்கு நகரும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைப்பது வீண் வேலை அல்ல. மாவு ஒட்டிய கத்தி பால் அடுக்கில் பழுப்புக் கோடு இழுத்துவிடும். ஐந்து செ.மீ. சதுரமாக வெட்டினால் 16 துண்டு வரும்.

பால் சேர்ந்த பண்டம் இது. மலைக்குளிரிலும் செய்த அன்றே தின்று முடியுங்கள். குளிர்ப்பெட்டியில் மூடி வைத்தால் இரண்டு நாள். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. பனிக்கட்டி பாசியின் வலையைக் கிழித்து, எடுத்ததும் தண்ணீராக வடியும்.

மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கொண்டுபோகிறவர்கள் வெட்டாமல் தட்டோடு எடுத்துச் செல்லுங்கள். வெட்டிய துண்டுகள் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றையொன்று உரசும். கடல்பாசி அடுக்கு சமவெளிச் சூட்டைத் தாங்கும், ஆனால் பாலுக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள்.

பலாப் பருவத்தில் அன்னாசிக்குப் பதில் பலாச்சுளையைப் பயன்படுத்தலாம். சுளையை ஆவியில் வேகவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். பலாவில் புளிப்பு குறைவு, விழுது தானே கெட்டி. பாசி 4 கிராம் போதும், சர்க்கரையையும் பாதியாக்குங்கள். வாழைப்பழ விழுது கறுத்துப்போகும், அதை மேலடுக்கில் வைக்க வேண்டாம். மலையில் விளைந்த காபிக்கொட்டையை வறுத்துப் பொடித்து இறக்கிய டிகாக்‌ஷனிலும் மேலடுக்கு அருமையாக வரும். 300 மில்லி டிகாக்‌ஷனுக்குச் சர்க்கரை 60 கிராம், பாசி 5 கிராம். டிகாக்‌ஷனைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, கரைந்த பாசியை அதில் சேருங்கள். கீழே பால், மேலே காபி. பெரியவர்கள் இரண்டாவது துண்டு கேட்பது பெரும்பாலும் இதைத்தான். குழந்தைகளுக்குச் செய்வதானால் டிகாக்‌ஷனில் பாதி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள்.